‘கிஃப்ட்’னு எழுதினா கிஃப்ட் ஆயிடுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான். ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சு, கொஞ்சம் வெட்கமா இருந்ததால தள்ளிப்போட்ட ஒரு கதை இது.

உங்கள்ல நிறைய பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு பெட்டி வாங்கியிருப்பீங்க. கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட், தண்ணி பாட்டில், நோட்டு, லேப்டாப்ல ஒட்ட நாலு ஸ்டிக்கர். சில பேர் அந்தப் பெட்டியை அனுப்பற வேலையில இருப்பீங்க. நான் அந்த இரண்டாவது கோஷ்டி. சென்னையில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில ஆட்களைச் சேர்க்கறது, ஆபீஸ் நிர்வாகம், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் என் தலையிலதான்.

2022-ல எங்களுக்கு ஜெர்மனியில முதல் கிளையன்ட் கிடைச்சாங்க. அங்கேயே வீட்டுல இருந்து வேலை செய்ய மூணு பேரைச் சேர்த்தோம். தீபாவளிக்கு அந்த மூணு பேருக்கும், கிளையன்ட் ஆபீஸ்ல 15 பேருக்கும் பெட்டி அனுப்பணும்னு முடிவாச்சு. மொத்தம் 18 பெட்டி. "நீயே பாத்துக்கோம்மா"ன்னு எங்க பாஸ் சொல்லிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். திருப்பூர்ல இருந்து நல்ல காட்டன் டி-ஷர்ட், ஸ்டீல் ஃபிளாஸ்க், நோட்டு, பவர் பேங்க், அப்புறம் மண்ணுல நட்டா துளசி முளைக்கும்னு சொல்ற பென்சில். பால்கோவாவும் வைக்கலாம்னு இருந்தேன். "பத்து நாள் தாங்காதுடி"ன்னு அம்மா சொன்னதால விட்டுட்டேன்.

புக்கிங் கவுன்டர்ல நடந்தது

பெட்டிகளோட கூரியர் புக்கிங் ஏஜென்ட் கடைக்குப் போனேன். அங்க இருந்த அண்ணா முதல்ல பவர் பேங்கை எடுத்து வெளிய வெச்சார். "இது ஏர்ல போகாது மேடம்." நான் சண்டைக்கே போயிட்டேன். "நாங்க ஃப்ளைட்ல கையில எடுத்துட்டுப் போறோமே அண்ணா?"

அவர் சொன்னதுதான் சரி. லித்தியம் அயான் பேட்டரி தனியா போச்சுன்னா, பயணிகள் விமானத்தோட சரக்குப் பகுதியில அதை ஏத்தக் கூடாது. 2016 ஏப்ரல் 1-ல இருந்து இதுதான் விதி. சரக்கு விமானத்துல அனுப்பலாம். ஆனா சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, அதுக்குன்னு தனி பேக்கிங், தனி லேபிள் வேணும். பவர் பேங்கைத் தனி பேட்டரி கணக்குலதான் சேர்ப்பாங்க. கேபின்ல நம்ம பையில இருந்து புகை வந்தா யாராவது உடனே பாத்துடுவாங்க. கீழ சரக்கு அறையில யார் பாப்பாங்க? அதான் காரணம். லோகோ போட்ட 18 பவர் பேங்க் இன்னும் எங்க ஆபீஸ் அலமாரியில இருக்கு. வேணும்னா சொல்லுங்க.

அடுத்தது எடை. ஒரு பெட்டி 900 கிராம்தான் இருந்துச்சு. பில்லுல 1.8 கிலோன்னு வந்துச்சு. கூரியர்ல நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. அந்த எண், உண்மையான எடை, இந்த ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. என் பெட்டி 30-க்கு 25-க்கு 12. பெருக்கினா 9000. அஞ்சாயிரத்தால வகுத்தா 1.8. அழகா இருக்கட்டும்னு உள்ள நான் திணிச்ச கலர் பேப்பர் சுருளுக்கும், காத்துக்கும் சேர்த்து ஜெர்மனி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்.

அதனால மலிவான சர்வீஸ் ஒண்ணு தேடினோம். கடைசிக் கட்டத்துல அந்த ஊர் தபால்காரர் கொண்டு போய்க் கொடுக்கற மாதிரி. அப்புறம் அண்ணா ஃபார்மை எடுத்துட்டு, ரொம்ப சாதாரணமா கேட்டார்: "கிஃப்ட்னு போட்டுடலாமா மேடம்? வேல்யூ கம்மியா போட்டா அங்க டாக்ஸ் வராது."

நான் "போடுங்கண்ணா"ன்னு சொன்னேன்.

ஒரு பெட்டிக்குள்ள இருந்த பொருளோட விலை கிட்டத்தட்ட 3,200 ரூபாய். அப்போதைய கணக்குல சுமார் 40 யூரோ. ஃபார்ம்ல எழுதினது 5 டாலர். கீழ என் கையெழுத்து.

ஒன்பதாவது நாள் வேலை

அந்த மூணு பேர்ல ஒருத்தங்க வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவங்க வீட்டுக்குப் பெட்டி வரல, கடிதம் வந்துச்சு. "உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்துள்ளது. மதிப்புக்கான ஆதாரம் இல்லை. சுங்க அலுவலகத்துக்கு நேரில் வரவும்." ட்சோல்அம்ட்னு அந்த ஆபீஸுக்குப் பேர். அவங்க அரை நாள் லீவு போட்டு, ரயில் பிடிச்சுப் போயிருக்காங்க.

அங்க ஒரு வழக்கம் இருக்கு. அதிகாரி பெட்டியைப் பிரிக்க மாட்டார். பார்சல் யார் பேர்ல வந்திருக்கோ, அவங்கதான் அதிகாரி முன்னாடி பிரிச்சுக் காட்டணும். இவங்களும் பிரிச்சாங்க. புது டி-ஷர்ட், ஸ்டீல் ஃபிளாஸ்க், நோட்டு. மேல 5 டாலர்னு சீட்டு. "இதோட உண்மையான விலை என்ன?"ன்னு அதிகாரி கேட்டிருக்கார். அவங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னே அப்போதான் பாக்கறாங்க.

மறுநாள் வீடியோ காலில் அவங்க கோபப்படவே இல்ல. ரொம்ப நிதானமா ஒண்ணுதான் கேட்டாங்க: "நான் என்ன சொல்லியிருக்கணும்?"

எனக்கு பதில் வரல. ஏன்னா அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. இறக்குமதி பண்றவங்கன்னு அந்தக் காகிதத்துல இருக்கறது அவங்க பேர். பொய் எழுதினது சென்னையில உக்காந்த நான், அதுக்கு பதில் சொல்ல வேண்டி வந்தது அந்த ஊர்ல வாழற அவங்க. வரவேற்புன்னு நாங்க அனுப்பின முதல் பொருளே, சேர்ந்து ஒன்பது நாள் ஆன ஒருத்தங்களை அரசு அதிகாரி முன்னாடி சந்தேகத்துக்குரிய ஆளா நிறுத்திடுச்சு.

கடைசியில நான் உண்மையான பில்லை மெயில்ல அனுப்பினேன். அவங்க மறுபடி போய், கைக்காசுல வரி கட்டி, பெட்டியை வாங்கிட்டு வந்தாங்க. காசைத் திருப்பிக் கொடுத்துட்டோம். அந்த ரெண்டு அரை நாளை எப்படித் திருப்பிக் கொடுக்கறது?

கிளையன்ட் ஆபீஸுக்குப் போன 15 பெட்டியோட கதை இன்னும் சுருக்கம். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில போச்சு. வரி கட்டச் சொல்லிக் கேட்டாங்க. நாங்க ஆர்டரே பண்ணாத பொருளுக்கு ஏன் காசு கட்டணும்னு அவங்க ரிசப்ஷன்ல மறுத்துட்டாங்க. நியாயம்தான். திருப்பி வரவழைக்கலாம்னு பாத்தா, இந்தியாவுக்குத் திரும்பி வர்றதும் ஒரு இறக்குமதிதான், அதுக்கும் காகிதம், அதுக்கும் செலவு. "கைவிடுகிறோம்"னு ஒரு மெயில் போட்டு முடிச்சோம்.

அந்த 45 யூரோ விஷயம்

இப்போ அந்த ‘கிஃப்ட்’ங்கற வார்த்தைக்கு வருவோம். அது சும்மா வந்த வார்த்தை இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துல உண்மையாவே பரிசுக்குச் சலுகை இருக்கு. 45 யூரோ வரைக்கும் வரி இல்ல. ஆனா அது ஒரு தனி நபர் இன்னொரு தனி நபருக்கு எப்பவாவது அனுப்பற பரிசுக்கு. உங்க அத்தை பெர்லின்ல படிக்கற உங்களுக்குப் புடவை அனுப்பினா அது பரிசு. அதே புடவையை ஒரு கம்பெனி அனுப்பினா, காசே வாங்கலைன்னாலும், அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டன்லயும் இதே மாதிரிதான், அங்க 39 பவுண்ட்.

"சின்ன மதிப்புதானே, விட்டுடுவாங்க"ங்கற காலமும் முடிஞ்சு போச்சு. முன்னாடி ஐரோப்பாவுல 22 யூரோ வரைக்கும் இறக்குமதிக்கு வாட் வரி இல்லாம இருந்துச்சு. 2021 ஜூலை 1-ல அதை எடுத்துட்டாங்க. இப்போ முதல் சென்ட்ல இருந்தே வாட் உண்டு. ஜெர்மனியில 19 சதவீதம். அதையும் பொருளோட விலைக்கு மட்டும் போடறதில்ல, அனுப்பற செலவையும் சேர்த்துத்தான் கணக்கு. பொருள் 40 யூரோ, அனுப்ப 25 யூரோன்னு வெச்சுக்கோங்க. 65-க்கு 19 சதவீதம், 12 யூரோ 35 சென்ட். அதுக்கு மேல, வரியை முன்கூட்டிக் கட்டினதுக்குத் தபால் துறையோ கூரியரோ ஒரு கட்டணம் போடும். சுங்க வரிக்கு 150 யூரோ வரை ஒரு விலக்கு ரொம்ப நாளா இருந்துச்சு. அதையும் நீக்கறதுன்னு 2025 நவம்பர்ல ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோட நிதியமைச்சர்கள் ஒப்புக்கிட்டாங்க.

அமெரிக்கா பக்கமும் இதே காத்துதான். 800 டாலர் வரைக்கும் வரியில்லாம உள்ள விட்ட ஏற்பாட்டை 2025 ஆகஸ்ட் 29-ல எல்லா நாட்டுக்கும் நிறுத்தினாங்க. அந்த நேரத்துல நம்ம தபால் துறையே அமெரிக்காவுக்குப் பார்சல் எடுக்கறதை நிறுத்தி, அக்டோபர் 15-லதான் மறுபடி ஆரம்பிச்சாங்க. அங்க 100 டாலர் பரிசுச் சலுகை ஒண்ணு இருக்கு. அதுவும் ஆள் ஆளுக்கு அனுப்பறதுக்குத்தான், கம்பெனிக்கு இல்ல.

"சரி, யாராவது ஆன்சைட் போறப்போ பெட்டியில போட்டு அனுப்பிடலாமே?" இது நம்ம ஊர்ல எல்லாரும் கேக்கற கேள்வி. நானும் கேட்டேன். விமானத்துல ஐரோப்பா போறவங்களுக்கு 430 யூரோ வரை சலுகை இருக்கு. அது சொந்த உபயோகத்துக்கு, வீட்டு ஆளுங்களுக்கு, நண்பர்களுக்குக் கொடுக்கற பொருளுக்கு. ஒரே லோகோ போட்ட 30 டி-ஷர்ட் இருந்தா எந்த அதிகாரியும் அதைச் சொந்த உபயோகம்னு நம்ப மாட்டார். அங்க மாட்டறது உங்க கூட வேலை பாக்கற ஒரு இன்ஜினியர். மறுபடியும் அதே தப்புதான், ஆள் மட்டும் மாறியிருக்கு.

பெட்டிக்குள்ள என்ன வைக்கக் கூடாது?

அந்தத் துளசிப் பென்சில் ஞாபகம் இருக்கா? சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு பெருமையா வெச்சேன். விதைங்கறது உயிருள்ள தாவரப் பொருள். 2019 டிசம்பர் 14-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லாச் செடி, விதை, பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் வேணும். அஞ்சு பழத்துக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. அதாவது சான்றிதழ் இல்லாம தேங்காய் போகலாம், துளசி விதை வெச்ச பென்சில் போகக் கூடாது. ஆஸ்திரேலியா இந்த விஷயத்துல இன்னும் கறார்.

பால்கோவாவை நான் வைக்காததும் நல்லதாப் போச்சு. பால் பொருள், இறைச்சி ரெண்டையும் வெளிநாட்டுல இருந்து தனி பார்சல்ல ஐரோப்பாவுக்கு அனுப்பத் தடை இருக்கு. நெய் பாட்டிலும் இதுல வரும். அம்மா சொன்ன முடிவு சரி, காரணம்தான் வேற.

அப்புறம் சட்டத்துல இல்லாத தடைகள். சீனாக்காரங்களுக்கு லோகோ போட்ட மேசைக் கடிகாரம் அனுப்பாதீங்க. ‘கடிகாரம் கொடுப்பது’ங்கறதும், ‘சாவுக்கு உடனிருந்து வழியனுப்புவது’ங்கறதும் அவங்க மொழியில ஒரே மாதிரி ஒலிக்கும். ஜப்பான்ல நாலு பொருள் கொண்ட செட் வேண்டாம். நாலுங்கற எண்ணும் சாவும் அங்க ஒரே ஒலி.

டி-ஷர்ட்டுக்கு வெறும் எம், எல், எக்ஸ்எல்னு கேக்காதீங்க. நம்ம ஊர் எல் அங்க போனா எம் மாதிரி இருக்கும். மார்பளவை சென்டிமீட்டர்ல போட்டு ஒரு அட்டவணை அனுப்பிக் கேளுங்க.

வாங்கறவங்களால வாங்க முடியுமா?

இதை நாம யோசிக்கறதே இல்ல. நம்ம பக்கம் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. பல நாட்டுக் கம்பெனிகள்ல பரிசு வாங்கறதுக்கே எழுதப்பட்ட விதி இருக்கு. ஜெர்மனியில ஒரு நிறுவனம் பிசினஸ் பார்ட்னருக்குக் கொடுக்கற பரிசைச் செலவுக் கணக்குல கழிக்கணும்னா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 50 யூரோதான் வரம்பு. 2023 வரைக்கும் அது 35. அமெரிக்காவுல இதே மாதிரி ஒரு வரம்பு 25 டாலர், 1962-ல வெச்சதை இன்னும் மாத்தல. இதெல்லாம் கொடுக்கறவங்களோட வரிக் கணக்குக்கான எண்கள்தான். ஆனா ஒரு ‘சின்னப் பரிசு’ன்னா அந்த ஊர்ல எவ்வளவுன்னு ஒரு அளவு இதுல தெரியுது.

வாங்கறவர் அரசு ஊழியரா, அரசுப் பல்கலைக்கழகத்துல இருக்கறவரா இருந்தா அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. டெண்டர் ஓடிக்கிட்டு இருக்கறப்போ எதையுமே அனுப்பாதீங்க, ஒரு பேனாவைக் கூட.

நம்ம பக்கக் கணக்கும் ஒண்ணு இருக்கு. பரிசாக் கொடுக்கற பொருளை வாங்கும்போது கட்டின ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. சட்டப் பிரிவு 17(5)-லயே இருக்கு. பட்ஜெட் போடும்போது வரியையும் சேர்த்துப் போடுங்க. நான் போடல. அக்கவுன்ட்ஸ் அக்கா ஒரு வாரம் என்கிட்ட பேசல.

இப்போ எப்படிப் பண்றேன்?

மூணு வழி வெச்சிருக்கேன்.

முதல் வழி, ஒண்ணு ரெண்டு பெட்டின்னா டி.டி.பி. வரி, கட்டணம் எல்லாத்தையும் அனுப்பறவங்களே கட்டற முறை. இதைக் கேட்டு வாங்கணும். சும்மா விட்டா, பெரும்பாலும் வாங்கறவங்க கட்டற முறையிலதான் புக் ஆகும். செலவு கூடத்தான். ஆனா அவங்க வீட்டு மணி அடிக்கும்போது கையெழுத்து மட்டும் போட்டா போதும்.

ரெண்டாவது, ஆட்கள் நிறைய இருந்தா, எல்லாத்தையும் ஒரே சரக்கா அனுப்பி, அங்க இறக்குமதிப் பதிவு எண் வெச்சிருக்கற ஒரு கிடங்கு மூலமா ஒரே தடவை வரி கட்டி எடுத்துடறது. காட்டன் டி-ஷர்ட்டுக்கு ஐரோப்பாவுல வழக்கமான சுங்க வரி 12 சதவீதம், அதுக்கு மேல வாட். அதுக்கப்புறம் ஒவ்வொரு பெட்டியும் உள்ளூர் தபால்தான்.

மூணாவது, அங்கேயே பிரிண்ட் பண்ணிக் கொடுக்கறது. ஃபிளாஸ்க், நோட்டு, ஹூடி மாதிரி எந்த ஊர்லயும் கிடைக்கறதுக்கு இதுதான் சரி. கூரியர்ல காத்து அனுப்பற செலவு இல்ல.

இங்க இருந்து போறதுன்னா, இங்க மட்டுமே கிடைக்கற ஒண்ணா இருக்கணும்னு இப்போ வெச்சிருக்கேன். போன தடவை மதுரை சுங்குடித் துப்பட்டா அனுப்பினோம். மடிச்சா தட்டையா இருக்கும், எடை இல்ல, உடையாது, கெடாது, பேட்டரி இல்ல, விதை இல்ல. லோகோ துணியில இல்ல, கூட வெச்ச சின்ன அட்டையில மட்டும். அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் கையால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தினதுன்னு நாலு வரி எழுதினோம்.

ஃபார்ம்ல உண்மையான விலை. "காட்டன் துப்பட்டா, பெண்களுக்கானது, இந்தியத் தயாரிப்பு, ஒன்று"ன்னு தெளிவான விவரம், சரியான சுங்கக் குறியீட்டு எண். ‘மாதிரி’, ‘கிஃப்ட்’, ‘மதிப்பு இல்லை’ மாதிரி மொட்டை வார்த்தைகள் எதுவும் கிடையாது. இலவசமாக் கொடுத்தாலும் பொருளுக்கு விலை உண்டு. சுங்கத்துக்கு வேண்டியது அந்த விலைதான்.

இன்னொண்ணு. சர்ப்ரைஸ் வேண்டாம். நம்ம ஊர்ல சர்ப்ரைஸ்தான் அழகுன்னு நினைப்போம். எல்லை தாண்டிப் போற பெட்டிக்கு அது ஆகாது. வீட்டு முகவரி, போன் நம்பர் கேக்கும்போதே எதுக்குன்னு சொல்லுங்க. வேண்டாம்னு சொல்றவங்களுக்கு "வேண்டாம்"னு டிக் பண்ண ஒரு கட்டம் வைங்க. அனுப்பின அன்னிக்கே பில்லோட பிரதியையும் டிராக்கிங் நம்பரையும் மெயில் பண்ணிடுங்க. யாராவது கேள்வி கேட்டா அவங்க கையில பதில் இருக்கணும்.

ஏன்னா, "நான் என்ன சொல்லியிருக்கணும்?"ங்கற அந்தக் கேள்வியை இன்னொருத்தங்க என்கிட்ட கேக்கக் கூடாது. இப்போ ஒவ்வொரு பெட்டிக்கும் ஃபார்ம் எழுதும்போது, இதைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் கவுன்டர் முன்னாடி நிக்கப் போறாங்கன்னு நினைச்சுத்தான் எழுதறேன்.

அவங்க இன்னும் எங்க கூடத்தான் வேலை பாக்கறாங்க. அந்த ஃபிளாஸ்க் வீடியோ காலில் அடிக்கடி தெரியும். ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் எனக்கு லேசா ஒரு குத்தல்.

அடுத்த தடவை புக்கிங் கவுன்டர்ல யாராவது "வேல்யூ கம்மியா போட்டுடலாமா"ன்னு கேட்டா, "வேண்டாம்ணா, உள்ளதைப் போடுங்க"ன்னு சொல்லிடுங்க. உங்க ஆபீஸ்ல இந்த வேலையைப் பாக்கறவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. விதிகளும் தொகைகளும் மாறிக்கிட்டே இருக்கு. அதனால அனுப்பறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டுச் சுங்கத்துறைப் பக்கத்தை ஒரு தடவை பாத்துடுங்க. அடுத்த வாரம் பேசலாம்.